பத்தாவது தலை

— இன்னொருக்கா எண்ணு, தாட்சாயினி.

— மூண்டு தரம் எண்ணிப்போட்டன், விமலாக்கா. உங்களையும் என்னையும் சேர்த்து ஒன்பது பேர்தான். நேசமலரக்காவைக் காணேல்லை.

— வருவாள். உருத்திரபுரத்தில இருந்து சைக்கிள் உழக்கி இந்த ரயில் ஸ்ரேசனுக்கு வரவேணுமெல்லே.

— அவா வரமாட்டா. இப்பதான் மெசேஜ் போட்டிருக்கிறா. வாசிக்கட்டே? "விமலாக்காவுக்குச் சொல்லு. மகனுக்கு லொறி ஓட வேலை கிடைச்சிருக்கு. என்னைக் குறை நினைக்க வேண்டாம்."

— ஆரின்ர லொறியாம்?

— அது எழுதேல்லை.

— அதை எழுதவும் வேணுமே? ஆத்தில மண் அள்ளுற லொறிக் கணபதியை விட்டா ஆர் திடீரெண்டு வேலை குடுக்கிறது? இண்டைக்கு விசாரணை, நேற்று வேலை. கெட்டிக்காரன்! சரி, அவள் இருக்கட்டும். நாங்கள் ஒன்பது பேரும் வவுனியாவுக்குப் போவம்.

— அதுதானக்கா ஏலாது.

— ஏன் ஏலாது?

— எங்களிட்ட இருக்கிறது குழு ரிக்கெற். அரை விலை. பத்துப் பேருக்கு ஒராள் குறைஞ்சாலும் செல்லாது எண்டு பின்பக்கத்தில அடிச்சிருக்கு.

— நீதானே போன கிழமை சொன்னனி, ஏழு நாளுக்குள்ள விரும்பின நாள் போகலாம், நல்ல வசதியான ரிக்கெற் எண்டு?

— நாள் வசதிதான். ஆனா கடுகதி ரயிலில ஏறேலாது. பௌர்ணமிப் போயா நாளில போகேலாது. இடையில இறங்கினா மிச்சத் தூரம் செல்லாது. எல்லாத்தையும் கொப்பியில எழுதினனான். ஒராள் வராட்டி என்ன செய்யிறது எண்டதை மட்டும் யோசிக்காமல் விட்டிட்டன். என்ர பிழைதான்.

— உன்ர பிழையைப் பின்னேரம் ஆறுதலாப் பாப்பம். இப்ப ஜெயரூபியின்ர குழந்தையைச் சேர்த்துப் பத்தெண்டு சொல்லு.

— கேட்டுப் பாத்தனான். கைக்குழந்தை தலைக்கணக்கில வராதாம்.

— அப்ப அதின்ர கழுத்துக்கு மேல இருக்கிறது என்ன, பூசணிக்காயோ?

— மெல்லமாக் கதையுங்கோ அக்கா, கவுண்டரில இருக்கிறவர் பாக்கிறார். ஏற்கெனவே நான் நாலு தரம் போய்க் கேட்டு அந்தாளுக்குக் கோபம்.

— பாக்கட்டும். முழு ரிக்கெற் எடுத்தா என்ன?

— கையில இருக்கிறதுக்கு நாலு பேர்தான் போகலாம். பஸ் எண்டாலும் அதே கதைதான்.

— நாலு பேர் போய் நிண்டா கணபதி என்ன சொல்லுவான் தெரியுமே? "பத்துப் பெண்டுகள் கையெழுத்து வைச்சவை, ஆறு பேர் மனம் மாறிட்டினம்" எண்டுவான். ரண்டு தரம் தவணை போட்டாச்சு. இண்டைக்குக் கடைசித் தவணை. ஆத்தங்கரையை அரைவாசி தோண்டிப்போட்டான் பிள்ளை. இண்டைக்கு நிப்பாட்டாட்டி, மாரிக்கு ஆறு ஆத்தால ஓடாது, எங்கட வயலுக்குள்ளால ஓடும். பிறகு அரை விலையில ரிக்கெற் எடுத்து எங்க போறது?

— எனக்கும் விளங்குது அக்கா. நான் என்ன செய்ய?

— ஒரு தலை தேடு. பேர் கேப்பினமோ?

— பேர் பதியிறேல்லை, ஏறேக்க தலைதான் எண்ணுவினமாம். குழுவோட சேர்ந்து போய்ச் சேர்ந்து வாற ஆர் எண்டாலும் சரியாம். நான் விளங்கினது பிழையோ எண்டு திருப்பியும் கேட்டனான். சரிதானாம்.

— அப்ப ஏன் முழிச்சுக்கொண்டு நிக்கிறாய்? அங்க பார், வாங்கில தனிய இருக்கிற ஒரு மனுசி. நீலச் சீலை. போய்க் கேள்.

— நானோ? முன்பின் தெரியாத ஆளிட்ட என்னெண்டு கேக்கிறது?

— வாயாலதான். வா என்னோட. தங்கச்சி, எவடத்துக்குப் போறியள்?

— வவுனியாவுக்குங்க.

— தனியவோ?

— ஆமாங்க.

— பிள்ளையாரே அனுப்பின ஆள், தாட்சாயினி! தங்கச்சி, எங்களோட வாங்கோவன். காசு ஒண்டும் வேண்டாம்.

— வேணாங்க. நான் டிக்கெட் எடுத்துட்டேன்.

— அதைக் குடுத்துக் காசைத் திருப்பி எடுங்கோ.

— திருப்பித் தராயினம் அக்கா. விதி...

— உன்ர விதியைக் கொஞ்சம் மூடி வை. நான் கதைக்கிறன்.

— இல்லை, நான் ஒழுங்காச் சொல்லுறன். அக்கா, உங்கட பேர் என்ன?

— ராஜினிங்க.

— ராஜினியக்கா, நாங்கள் உருத்திரபுரம் மாதர் சங்கம். இவா எங்கட தலைவி, நான் செயலாளர். பத்துப் பேருக்கு எடுத்த ரிக்கெற், ஒராள் வரேல்லை. நீங்கள் எங்களோட ஒராளா ஏறினா எல்லாரும் போகலாம். ஏறாட்டி ஒருத்தரும் போகேலாது. உங்களுக்கு இதில ஒரு நட்டமும் இல்லை எண்டுதான் நினைக்கிறன்.

— அப்படி என்னங்க அவசரம், இத்தனை பேரும் போறீங்க?

— விசாரணை. ஆத்தில மண் அள்ளுறவைக்கு எதிரா மனுக் குடுத்தனாங்கள்.

— யாரு மேலங்க?

— லொறிக் கணபதி எண்டு ஒருத்தன். கேள்விப்பட்டிருப்பியளே?

— பேரு தெரியுங்க.

— பேர் தெரியாமல் இருக்குமே! றோட்டில கிடக்கிற பள்ளமெல்லாம் அவன்ர கையெழுத்தெல்லே.

— அவரு லொறிதான் வந்திச்சுன்னு காட்ட, ஒங்ககிட்ட என்ன இருக்கு?

— அதுதான் எங்கட குறை, ராஜினியக்கா. அவை நம்பர் தகட்டைக் கழட்டிப்போட்டு வாறவை. மூண்டு மாசமாச் சத்தம் கேட்ட திகதியும் மணியும் எழுதி வைச்சிருக்கிறன். முதல்ல என்ர பின்னேர வகுப்புக் கொப்பியின்ர கடைசித் தாளில எழுதினது, பிறகு தனிக் கொப்பி போட்டனான். ஆனா தன்ர லொறியெல்லாம் ராவில வளவுக்குள்ளதான் நிக்கிறது எண்டு அவர் எழுதிக் குடுத்திருக்கிறார். அது பொய் எண்டு காட்ட ஒரு சாட்சியும் இல்லை.

— அப்ப எத நம்பிப் போறீங்க?

— இவளின்ர கொப்பியை. எங்கட ஒன்பது வாயை. தோத்தா மேல எழுதுவம். அங்கயும் தோத்தா அதுக்கும் மேல எழுதுவம். ஏன் தங்கச்சி, பயமாக் கிடக்கோ?

— எனக்கா? ஒங்களுக்குப் பயமில்லீங்களா?

— இருக்கு. ரயிலில ஏறினாப் பிறகு பயப்பிடுவம் எண்டு வைச்சிருக்கிறன்.

— அவரு நல்லவரு மாதிரித்தான் பேசுவாரு. ஆளுங்கள மடக்கத் தெரியும்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— சொல்லிக்கிறாங்க.

— சரி, கதை காணும். மணி அடிச்சாச்சு. வாறியளோ, இல்லையோ?

— வர்றேங்க.

— பாத்தியே தாட்சாயினி, ரண்டு வார்த்தை. நீ எண்டா இப்பவும் விதி வாசிச்சுக்கொண்டிருப்பாய். ஜெயரூபி, எல்லாரையும் வரிசையா வரச் சொல்லு!

— பொறுங்கோ அக்கா. இவாவுக்கு ஒண்டு சொல்லேல்லை.

— இனி என்ன?

— ராஜினியக்கா, இது போய்வாற ரிக்கெற். பின்னேர ரயிலிலையும் அதே பத்துத் தலை நிக்கவேணும். நீங்கள் அங்க நிண்டிட்டா நாங்கள் திரும்பி வரேலாது.

— உந்தக் கதையை வவுனியாவில இறங்கினாப் பிறகு சொன்னால் காணாதோ, விசரி?

— சொல்லாமல் ஏத்திக்கொண்டு போறது சரியில்லை அக்கா. நேசமலரக்காவுக்குக் கணபதியாக்கள் செய்ததும் அப்பிடித்தானே, ஒண்டைக் காட்டி ஒண்டை மறைச்சது. நான் அப்பிடி ஏறமாட்டன்.

— உன்ர நேர்மையால இண்டைக்கு நாங்கள் நடந்துதான் போகவேணும். தங்கச்சி, நீங்கள் என்ன சொல்லுறியள்? எத்தினை மணிக்குத் திரும்புறதா யோசிச்சு வந்தனியள்?

— யோசிக்கலீங்க. போறதுக்கு மட்டுந்தான் டிக்கெட் எடுத்தேன்.

— வவுனியாவில சொந்தக்காரர் இருக்கினமோ?

— யாரும் இல்லீங்க.

— பிறகு? ஒரு உடுப்புப் பையும் கையில இல்லை. எங்க தங்குவியள்?

— தெரியாதுங்க. அங்க போய்ச் சேரணும், அவ்வளவுதான் நெனச்சேன். ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— அக்கா, ரயில் வந்திட்டுது. ராஜினியக்கா, உங்களுக்கு ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்கோ. நாங்கள் கோபிக்க மாட்டம்.

— நான் கோபிப்பன்.

— விமலாக்கா!

— நீங்க ஏறுங்கம்மா, தங்கச்சி நீயும் ஏறு, நானும் ஏறுறேன். போறப்பவும் ஒங்க கூட, வர்றப்பவும் ஒங்க கூடத்தான். எங்க வீட்டுக்காரரு விடியவே அந்த விசாரணைக்குத்தான் வேன்ல கெளம்பிட்டாரு, எனக்குக் காய்ச்சல்னு சொல்லி நான் படுத்துக்கிட்டேன். மூணு மாசமா எங்க வளவுலேருந்து ஆத்துக்குக் கெளம்புற அந்த லொறிக்காரங்களுக்குத் தெனமும் ராவுல ஆறு சோத்துப் பார்சல் கட்டிக் குடுத்தது நான். அத விசாரணையில சொன்னதுக்கு அப்புறம், அந்த வேன்ல என்னைய யாரு ஏத்துவா?