மணி கேட்காத வீடு

பஞ்சலிங்கம்: உதிலை வையும். பிறகு குடிக்கிறன்.

பராசக்தி: பிறகெண்டால் ஆறிப்போகும். ஆறினதைக் குடிக்கப்படாதெண்டு லண்டன் டொக்டர்மார் எத்தினை தரம் சொன்னவை?

பஞ்சலிங்கம்: அவை மீனும் முட்டையும் சாப்பிடவும் சொன்னவை. நீர் ஒவ்வொரு நாளும் பருப்புக் கஞ்சியைக் கொண்டு வந்து நீட்டுறீர்.

பராசக்தி: கடல் சரியில்லையாம். மீன் வரேல்லை.

பஞ்சலிங்கம்: கடல் சரியில்லாட்டிக் கோழியும் முட்டை போடாதோ?

பராசக்தி: பகிடி விட நேரம் பார்த்தியள்... குடியுங்கோ.

பஞ்சலிங்கம்: முதல் உந்த வாய்ச்சீலையைக் கழட்டும். கட்டின மனுசியின்ரை முகத்தை முழுசாப் பார்த்து எவ்வளவு காலம்.

பராசக்தி: கழட்ட மாட்டன். என்ரை தடிமன் உங்களுக்குத் தொத்தினால்? லண்டனிலை கண்ணாடி அறைக்குள்ளை கிடந்து மீண்டு வந்தது இதுக்கே?

பஞ்சலிங்கம்: கண்ணாடி அறையிலையும் தனிய. இஞ்ச கொக்குவிலிலை சொந்த வீட்டிலையும் தனிய. அங்கையெண்டால் பக்கத்து அறையிலை அண்ணை எண்டாலும் இருந்தவர்.

பராசக்தி: ம்...

பஞ்சலிங்கம்: ஏன் அண்ணை வாறேல்லை?

பராசக்தி: சொன்னனே. பொயிலை விக்கக் கொழும்புக்குப் போட்டார்.

பஞ்சலிங்கம்: பொயிலை இன்னும் தோட்டத்திலை பச்சையா நிக்குமே?

பராசக்தி: அது... போன வருசத்துப் பொயிலை.

பஞ்சலிங்கம்: நமசிவாயம் அண்ணை போன வருசத்துப் பொயிலையை இவ்வளவு காலம் வைச்சிருந்தவரோ! இணுவிலிலை இருந்து சைக்கிள்ளை வந்து, அந்த யன்னலுக்கு அங்காலை நிண்டு கத்துற மனுசன். "டேய் பஞ்சு, என்ரை இடுப்பெலும்பிலை ஊசி குத்தி எடுத்துத் தந்ததை வீணாக்காமல் எழும்படா!"

பராசக்தி: மெல்லக் கத்துங்கோ. மூச்சு வாங்குது.

பஞ்சலிங்கம்: மழையெண்டாலும் குடையோடை வந்து நிண்டவர். சொல்லாமல் கொழும்புக்குப் போவாரோ?

பராசக்தி: நீங்கள் நித்திரை. எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்.

பஞ்சலிங்கம்: என்ரை எலும்பிலை ரத்தம் ஊறாமல் நிண்டாப் போலை, தோட்டத்தை ஈடு வைச்சுப்போட்டு பிளேன் ஏறினவர் அவர். கூடப்பிறந்தது ஒராள். அந்த ஒராளின்ரை எலும்பு மஜ்ஜையே பொருந்திச்சுது. எல்லாருக்கும் அப்பிடி வாய்க்காதெண்டு அங்கை சொன்னவை.

பராசக்தி: ஓம்... எங்கடை புண்ணியம்.

பஞ்சலிங்கம்: அவற்றை ரத்தம் ஓடத் தொடங்கினாப் பிறகு அவற்றை கோவமும் எனக்கு வந்திட்டுது. கவனிச்சனீரோ?

பராசக்தி: கோவம் முந்தியே இருந்தது. குறட்டைதான் புதுசு.

பஞ்சலிங்கம்: ஆ... சிரிச்சுப்போட்டீர். வாய்ச்சீலைக்கு மேலாலை தெரியுது.

பராசக்தி: கையை நீட்டுங்கோ, துடைச்சு விடுறன்... இதென்ன நீலம்?

பஞ்சலிங்கம்: கட்டில் சட்டத்திலை அடிபட்டது.

பராசக்தி: ரண்டு கையிலுமோ?

பஞ்சலிங்கம்: நித்திரையிலை உருளுறன். விடும்.

பராசக்தி: நேற்று டொக்டர் கதவைச் சாத்திப்போட்டு என்ன கதைச்சவர்?

பஞ்சலிங்கம்: நல்லாத் தேறுதாம். நேற்றே சொன்னனே.

பராசக்தி: அதுக்கு ஏன் கதவைச் சாத்த வேணும்?

பஞ்சலிங்கம்: காத்துப் படப்படாதெண்டுதான். இஞ்சாரும்... அண்ணைக்கு ஒரு தந்தி அடியும். உடனை வரட்டாம் எண்டு.

பராசக்தி: உடனையோ? என்ன அவசரம்?

பஞ்சலிங்கம்: பார்க்க வேணும் போல கிடக்கு.

பராசக்தி: வருவார். வியாபாரம் முடியட்டும்.

பஞ்சலிங்கம்: கொழும்பிலை எங்கை தங்கியிருக்கிறார்? விலாசத்தைச் சொல்லும்.

பராசக்தி: எனக்கென்ன தெரியும்? ஆம்பிளையள் போற இடம்...

பஞ்சலிங்கம்: சரி. இதையெண்டாலும் சொல்லும். சாமியறை மணி ஏன் கேக்கிறேல்லை?

பராசக்தி: மணியின்ரை நாக்குக் கழண்டிட்டுது.

பஞ்சலிங்கம்: சாம்பிராணியின்ரை வாசமும் கழண்டிட்டுதோ?

பராசக்தி: உங்களுக்குப் புகை ஆகாது.

பஞ்சலிங்கம்: முந்தியும் ஆகாதுதானே. தூர நிண்டு காட்டினனீர். வெள்ளிக்கு வெள்ளி கந்தசாமி கோயில் திருநீறு கொண்டு வந்து பூசினனீர். இப்ப அதுவுமில்லை.

பராசக்தி: கோயிலிலை சனம். நான் கிருமியைக் காவிக்கொண்டு வந்திடுவனெண்டு பயம்.

பஞ்சலிங்கம்: எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி வைச்சிருக்கிறீர், என்ன?

பராசக்தி: நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் நான் சொல்லத்தானே வேணும். கஞ்சி ஆறுது...

பஞ்சலிங்கம்: ஆறட்டும். விளக்கில்லை. மணியில்லை. சட்டியிலை மீன், முட்டை எண்டு ஒரு மச்சமுமில்லை. இது துடக்கு வீடு பராசக்தி. ஆர் செத்த துடக்கு?

பராசக்தி: துடக்குமில்லை ஒண்டுமில்லை. கிடந்து கிடந்து உங்களுக்கு மனம்...

பஞ்சலிங்கம்: அப்பாவும் அம்மாவும் எப்பவோ போய்ச் சேர்ந்திட்டினம். உம்மடை பக்கத்துச் சாவெண்டால் எனக்கு மறைக்க மாட்டீர். நான் இவ்வளவு நாளும் எண்ணிப் பார்த்தனான். என்ரை பக்கத்திலை மிச்சம் ஆர் இருக்கினம்?

பராசக்தி: இஞ்சாருங்கோ, பேசாமல் படுங்கோ...

பஞ்சலிங்கம்: அண்டைக்கு இணுவில் பக்கத்தாலை பறை கேட்டுது. ஆற்றை செத்தவீடெண்டு கேட்டன். ஆரோ கிழவராம் எண்டனீர். பின்னேரம் தலை முழுகி, ஈரத்தோடை வந்து அந்த வாசலிலை நிண்டனீர். என்னைப் பார்க்கேல்லை. பராசக்தி, அது அண்ணைக்கு அடிச்ச பறையோ?

பராசக்தி: ...ஓம். ஐயோ, ஏதாவது கதையுங்கோ. இப்பிடிப் பார்க்காதேங்கோ.

பஞ்சலிங்கம்: எப்பிடி நடந்தது?

பராசக்தி: விடியத் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போனவர். பொயிலைக்குள்ளை புடையன் பாம்பு கிடந்திருக்கு. கால்லை கடிச்சுப்போட்டுது. காரிலை கொண்டு போகேக்கை கதைச்சவராம்... "பஞ்சுவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவன் முதல் எழும்பட்டும்" எண்டவராம். அதுக்குப் பிறகு கதை இல்லை.

பஞ்சலிங்கம்: ஆர் கொள்ளி வைச்சது?

பராசக்தி: அவற்றை மூத்த மோன்.

பஞ்சலிங்கம்: பறையைக் கேட்டுக்கொண்டு கிடந்தனான் பராசக்தி. ஆரோ கிழவரெண்டு நினைச்சு, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான்.

பராசக்தி: என்னைப் பேசுங்கோ. அடியுங்கோ. நான்தான் மறைச்சனான்.

பஞ்சலிங்கம்: அப்ப கடல்?

பராசக்தி: கடல் சரியாத்தான் கிடக்கு. டொக்டர் சொன்னது மறந்து போச்செண்டு நினைச்சியளோ? ஒருநாள் மீன் வாங்கி, வெட்டிக் கழுவி, அடுப்பு வரைக்கும் கொண்டு போனனான். சட்டியிலை போட மனம் வரேல்லை. கூடப்பிறந்தவரின்ரை முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி கழியேல்லை. தெரியாமல் நீங்கள் மச்சம் தின்னுறதை நான் பக்கத்திலை இருந்து பார்க்கிறதோ? நாளைக்குத் தெரிய வந்தால் என்ரை முகத்திலை முழிப்பியளோ? உங்கடை உடம்பையும் பார்க்க வேணும், உங்கடை துடக்கையும் காக்க வேணும். ரண்டுக்கும் நடுவிலை கிடந்து இழுபட்டன். நீங்கள் மெலியிறதைப் பார்த்துப் பார்த்துக் குசினிக்குள்ளை நிண்டு அழுதனான்.

பஞ்சலிங்கம்: அழாதையும். வாய்ச்சீலை நனையுது.

பராசக்தி: நான் செய்தது பிழையோ?

பஞ்சலிங்கம்: இல்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன். அந்தியேட்டி எப்ப?

பராசக்தி: வாற கிழமை. கீரிமலையிலை.

பஞ்சலிங்கம்: அதுமட்டும் எனக்கு மச்சம் வேண்டாம். உந்தக் கஞ்சியைத் தாரும்.

பராசக்தி: ஆறிப்போச்சு, சூடாக்கிக்கொண்டு வாறன். அது முடிஞ்ச அடுத்த நாளே நல்ல விளைமீன் வாங்கிக் காய்ச்சித் தருவன். முட்டையும் அவிச்சுத் தருவன். உடம்பு தேறிடும், பாருங்கோ. உங்கடை அண்ணை எங்கையும் போகேல்லை. உங்களுக்குள்ளை ஓடுறதெல்லாம் அவற்றை ரத்தம்தானே? நீங்கள் இருக்குமட்டும் அவரும் இருக்கிறார். என்ன... இண்டைக்கு ஏன் அவரை அப்பிடித் தேடினியள்? கனவிலை வந்தவரோ?

பஞ்சலிங்கம்: கனவில்லை பராசக்தி. அண்ணை தந்தது வேர் பிடிக்கேல்லையாம்... ரத்தம் திரும்ப வத்துதாம். இன்னொருக்கா அவரிட்டை எடுத்தால்தான் உயிர் உண்டு, ஆளை உடனை வரச்சொல்லும் எண்டுதான்... நேற்று டொக்டர் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னவர்.