ஒண்ணுமில்லன்னு சொன்னவன்

ஃப்ளோரி: ...வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க, அண்ணனும் தம்பியும்? சாயங்காலம் இவன் ஸ்பெயினுக்கு ஃப்ளைட் ஏறிடுவான். அப்புறம் போன்ல உம்முன்னு இருங்க, நான் கேக்கல.

தனிலோ: நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி. அண்ணன்தான்...

எவேலியோ: ஃப்ளோரி, அந்த சௌசௌ கிண்ணத்தை இப்படித் தள்ளச் சொல்லு அவன்கிட்ட.

ஃப்ளோரி: கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கான், நீங்களே கேளுங்க. அவன் கிட்னியை உள்ள வச்சுக்கிட்டு அவன்கிட்டயே பேச மாட்டேன்னா என்ன நியாயம் இது?

எவேலியோ: நான் நன்றி சொன்னேன். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும், பக்கத்துக் கட்டில்ல இவன் கிடந்தான். முதல் வார்த்தையே அதுதான். இவன் என்ன பதில் சொன்னான்னு கேளு.

தனிலோ: ‘தெ நாதா’ன்னேன். அதுல என்ன இருக்கு?

எவேலியோ: அதானே. ஒண்ணுமே இல்லையாம். வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுத்திருக்கான்... ஒண்ணுமில்லையாம்.

தனிலோ: அண்ணா, மாட்ரிட்ல பஸ் ஓட்டுறவன் நான். இறங்குறவங்க நன்றின்னு சொல்லுவாங்க, நாள் பூரா ‘தெ நாதா, தெ நாதா’ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டணும். அது வாயில வந்துருச்சு.

எவேலியோ: நீ பொறந்தது இந்த கார்த்தாகோவுலடா. இங்க எவன் அப்படிப் பதில் சொல்றான்? காலைல கடையில ஒரு ரொட்டி வாங்கினேன். அந்தப் பொண்ணு, ‘கோன் மூச்சோ குஸ்தோ’ங்கிறா. ரொம்ப சந்தோஷமாச் செஞ்சேன்னு. ஒரு ரொட்டிக்கு.

ஃப்ளோரி: உங்க மூஞ்சியப் பார்த்துமா அப்படிச் சொன்னா?

எவேலியோ: நீ சும்மா இரு. பல்லு டாக்டர்கூட, கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு ‘சந்தோஷம்’னுதான் சொன்னான்.

தனிலோ: அவனுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். பல்லு உன்னுதாச்சே.

ஃப்ளோரி: சிரிப்பு வருதுல்ல? சிரிச்சிடுங்க. தையல்தான் ஆறிடுச்சே.

எவேலியோ: வரல.

ஃப்ளோரி: சரி... கொத்தமல்லி தீந்துபோச்சு, கடைக்குப் போறேன். நான் வர்றதுக்குள்ள பேசி முடிக்கணும். இல்லன்னா காப்பிகூடக் கிடையாது ரெண்டு பேருக்கும்.

தனிலோ: ...போயிட்டாங்க.

எவேலியோ: ம்.

தனிலோ: கொத்தமல்லி இங்க ஒரு கட்டு முழுசா இருக்கு.

எவேலியோ: தெரியும்.

தனிலோ: நீ இப்படியே இருந்தா நான் எப்படி ஃப்ளைட் ஏறுறது அண்ணா? அடுத்து எப்ப வருவேனோ. மனசு கேக்க மாட்டேங்குது.

எவேலியோ: ஒரு வார்த்தைதானேடா. எனக்கு வேற என்ன வேணும்? தம்பி சந்தோஷமாக் கொடுத்தான்னு தெரிஞ்சா நானும் நிம்மதியாத் தூங்குவேன்.

தனிலோ: சௌசௌ இன்னும் கொஞ்சம் போடட்டுமா?

எவேலியோ: என்ன, மாட்ரிட்ல அந்த வார்த்தை மறந்துபோச்சா?

தனிலோ: மறக்கல.

எவேலியோ: அப்புறம்?

தனிலோ: நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பொய்யாயிடும்னு முழுங்கிட்டேன்.

எவேலியோ: பொய்யா?

தனிலோ: பஸ்ஸு, பழக்கம், அதெல்லாம் சும்மா. நான் சந்தோஷமாக் கொடுக்கல அண்ணா. பயந்து பயந்து கொடுத்தேன். ஆபரேஷனுக்கு வர்றப்ப, ஃப்ளைட் ஒரு வாரம் தள்ளிப்போச்சுன்னு போன்ல சொன்னேன்ல...

எவேலியோ: சொன்னே.

தனிலோ: தள்ளிப்போகல. சொன்ன தேதியிலேயே வந்து இறங்கிட்டேன். சான் ஹோசேல, ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்து ஒளிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போவேன், அந்த மருந்து வாடை அடிச்சதும் திரும்பிடுவேன். ஒரு நாள் பெட்டியைக்கூடக் கட்டிட்டேன், திரும்பிப் போயிடலாம்னு. நீ இங்க சாகக் கிடக்கிறே, நான் அங்க போர்வைக்குள்ள... எந்த மூஞ்சியோட உன்கிட்ட ‘சந்தோஷமா’ன்னு சொல்றது? திட்டணும்னா திட்டு அண்ணா. இப்படிப் பார்க்காதே.

எவேலியோ: எதுக்குடா திட்டணும்? நாலு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்ததே இதுக்குத்தான். உன் வாயாலேயே வரட்டும்னு. இதை உள்ளேயே வச்சுக்கிட்டு அங்க போய்த் தனியாக் கிடந்து குமைவியேன்னு.

தனிலோ: உனக்கு... உனக்கு முன்னாடியே தெரியுமா?

எவேலியோ: அந்த வாரம் சான் ஹோசேல டயாலிசிஸ் முடிச்சு பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன். பார்க் பக்கத்துல சிக்னல் விழுந்து நின்னுச்சு. வெளிய பார்த்தா, பெஞ்சுல ஒருத்தன் புறாவுக்கு ரொட்டியப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கான். யாருடா இது, நம்ம தனிலோ ஜாடையா இருக்கேன்னு பார்த்தேன். நீயேதான்.

தனிலோ: பார்த்துட்டியா? ...அப்ப ஏன் அண்ணா என்னைக் கூப்பிடல?

எவேலியோ: ஜன்னலைத் திறந்துட்டேன். பேரு வாய் வரைக்கும் வந்துருச்சு... ஆனா நான் கூப்பிட்டா, மனசில்லாட்டியும் நீ வந்துடுவியேடா.