பின்பக்கத்து டப்பா

மிஞ்சிய பசையைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐயா. எதிர்க்கடைக்காரன் அந்த ரகம். அவனும் என்னைப் போல ஷூ, செருப்பு பழுது பார்க்கிறவன்தான். மழை பெய்தால் அவன் வாசலில் மட்டும் தண்ணீர் தேங்குவது சும்மா இல்லை.

நான் அப்படிச் செய்ததே இல்லை. கெட்டுப்போன பசை டப்பாவைக் கடையின் பின்பக்கம், நெருப்பு அண்டாத, காற்றோட்டமான இடத்தில் மூடியைத் திறந்து வைப்பேன். ரப்பர் மாதிரி இறுகிய பிறகு செய்தித்தாளில் சுற்றி, நகராட்சியின் அபாயக் கழிவு வண்டி வரும்போது கையில் கொடுப்பேன். "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எங்க வேலை பாதி குறையும்ணே" என்பாள் வண்டிக்காரப் பெண்.

என் மகளும் இதில் கெட்டிக்காரி. அவள் அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே இந்தக் கடைதான். நான் அடி ஒட்டுவேன், அவள் மேல்தோல் தைப்பாள். மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

மாப்பிள்ளை கூரைத் தகடு போடுகிறவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். ஒரு நாள் சாப்பிட அழைத்து, தூரத்து நகரத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான்.

"நீங்களும் எங்ககூட வந்துடுங்க மாமா."

"கடையை விட்டுட்டு அப்பா எங்க வரப்போறாரு" என்றாள் மகள்.

"கடையை விட்டாலும் அந்தப் பசை வாசனையை விட மாட்டாரு. இவ கையிலயும் இன்னும் போகலை மாமா. கல்யாணத்தன்னைக்கு ஏதோ சென்ட்டுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பெற்ற மகள் மேல் கோபப்பட முடியுமா? அவள் சிரித்ததையும் சேர்த்து அவன் தலையிலேயே போட்டேன்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் அவன் ஷூவைக் கடைக்குக் கொண்டுவந்தான். "அடி வாயைப் பொளந்துடுச்சு மாமா. இன்னும் ஒரு பெரிய கூரை பாக்கி இருக்கு."

"வெச்சுட்டுப் போங்க மாப்பிள்ளை, பார்த்துக்கறேன்."

புது டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்து பின்பக்கம் போனேன். அங்கே ஒரு டப்பா இறுகுவதற்காகக் காத்திருந்தது. அந்தப் பசையைக் கொஞ்சம் இளக்கித் தடவினால் பார்வைக்குப் புதிது போலத்தான் இருக்கும். இழுத்துப் பார்த்தாலும் விடாது. சூட்டை மட்டும் தாங்காது. தகடு போட்ட கூரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஷூவைப் போட்டுக்கொண்டு தரையில் மிதித்துப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கு. உங்க கை கைதான் மாமா." கயிற்றை நானே குனிந்து கட்டிவிட்டேன். "ஐயோ, நீங்க போய் என் காலைப் பிடிச்சுக்கிட்டு" என்று கூச்சப்பட்டான். இறுக்கமாகவே கட்டினேன். வேண்டிய நேரத்தில் உதறிவிட முடியாதபடி.

உச்சி வெயிலில் அடி பாதி கழன்று மடங்கியதாம். கூட இருந்தவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நல்ல உயரமான கூரை.

டப்பாவில் அதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முறைப்படி காயவைத்து வண்டியில் கொடுத்தேன். வண்டிக்காரப் பெண் எனக்காக அழுதாள். ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையும் எழுதிக்கொள்ளுங்கள். விழுவான் என்று தெரிந்துதான் ஒட்டினேன்.

உங்கள் மேஜை மேல் இருப்பது அவன் ஷூதான். ஆஸ்பத்திரியில் கொடுத்ததை மகள் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். இங்கே எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. எதிர்க்கடைக்காரன் வேலையாக இருக்கும். அவனுக்கு என்றைக்கும் என் மேல் பொறாமை.

மகள் என்னோடு வந்துவிட்டாள், ஐயா. அவளுடைய பழைய அறையில்தான் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை, அழுது ஓய்ந்தால் சரியாகிவிடும். போன வாரம் அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. என் கடை வாசலைத் தாண்டி, காலை இழுத்து இழுத்து நடந்து, எதிர்க்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெகுநேரம் அங்கேயே நின்று அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு எதற்கு வீண் வேலை என்று நினைத்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என் மேல் அவ்வளவு பாசம்.