அடி வாங்காத மூத்தவன்

“எங்கப்பா என்னைய ஒரு அடிகூட அடிச்சதில்ல தங்கச்சி,” என்றார் எனக்குப் பின்சீட்டிலிருந்தவர், ஏதோ பெரிய அநியாயம் நடந்துவிட்டதைப் போல. இரத்தினபுரி பஸ் ஓப்பநாயக்கவைத் தாண்டியிருந்தது. அவரும் பக்கத்திலிருந்த பெண்ணும் ஒரே கிளினிக்குக்குப் போகிறவர்கள். இருவருக்கும் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையாம்.

“குடுத்து வச்சவருண்ணே.”

“அழுதா நீலம் பாஞ்சிருவேன்னு பயம். தொர பங்களா கண்ணாடிய நான் ஒடச்சா, அடி தம்பிக்கு. அந்தா, சீட்ட எனக்குக் குடுத்துட்டு முன்னுக்கு நிக்கிறானே, அவனுக்குத்தான்.”

“எங்கம்மா ஓட்டைய எங்கிட்டயே மறைச்சிருச்சு. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? கொழுந்துக் கூடையோட மலையேறி மூச்சு வாங்குனா, நடிக்கிறேன்னு தேயிலை மிலாறுக் குச்சியால வெளுக்கும். மொதப் பிள்ளை பெறப் போனப்ப டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டா, ‘ஒன் நல்லதுக்குத்தான்’னு சொல்லுது.”

“எங்கப்பாவும் அதேதான் சொல்வாரு. சாகும்போதும் விடல. ‘பெரியவன் கொள்ளிக்குடம் தூக்கக் கூடாது, பாரம். சின்னவன் தூக்கட்டும்’னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு. மூத்தவன் நான் சும்மா நின்னு வேடிக்க பாத்தேன்.”

“சுத்திவரச் சுத்திவர ஓட்டை போடுற குடந்தானேண்ணே அது? ஒங்களுக்குத்தான் ரொம்பப் பொருத்தம்!”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவர் வாய்விட்டுச் சிரித்தார். முன்னால் நின்ற தம்பி கூட்டத்தை இடித்துக்கொண்டு பதறி வந்தான்.

“மெதுவா சிரிண்ணே. நெஞ்சுக்கு ஆகாது.”