மெழுகு மேலதான் தப்புன்னு எழுதிக்குடுங்க

…சும்மா சொல்லக்கூடாதுண்ணே, துப்பாக்கி கழுவ நீங்க வித்த அந்த நீல பாட்டில் சால்வன்ட் இருக்கே, அபாரம்! துப்பாக்கிக் குழலுக்குள்ள நாலு சொட்டுதான் விட்டேன், வீட்டுப் பூனை வெளிநடப்பு பண்ணிருச்சு. பாட்டில் மேல என்ன எழுதியிருக்கு? 'நறுமணம் கொண்டது'. யார் மூக்கை வச்சு எழுதினானோ! என்ன… கருமருந்துக் கசடுக்கு வெந்நீரும் சோப்பும் போதும்னு அன்னைக்கே சொன்னீங்களா? சொன்னீங்க, சொன்னீங்க, யாரு இல்லேன்னது? ரிப்பேர் பண்றவரு சொன்னா உடனே கேட்டுடணுமா? எனக்குன்னு ஒரு கௌரவம் வேணாமா?

சரி, அதை விடுங்க. வந்த விஷயம் வேற. துப்பாக்கி வெடிக்கல. போன ஞாயித்துக்கிழமை, துப்பாக்கி கிளப்புல, முதல் குண்டே… 'டிக்'. மருந்தைப் பத்தவைக்கிற கேப்பு மட்டும் வெடிக்குது. புது கேப்பு போட்டா மறுபடி 'டிக்'. குண்டு உள்ளேயே உக்காந்திருக்கு, காலி பண்ண மாட்டேன்ற குடித்தனக்காரன் மாதிரி.

யார் காரணம்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரிதான்! இதோ, இந்த டப்பா. தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் உருக்கி அவளே செஞ்சது, குண்டைச் சுத்துற துணியில தடவ. என் ஆராய்ச்சிப்படி, இது இளகி, அடியில இருந்த மருந்துல இறங்கி, மொத்தத்தையும் கெடுத்துருச்சு. அதை அங்கேயே சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்… சரி, கொஞ்சம் சத்தமா.

அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "எத்தனை பேர் முன்னாடி என் மெழுகைக் குத்தம் சொன்னீங்களோ, அத்தனை பேர் முன்னாடியும் சொன்னதை வாபஸ் வாங்கணும். இல்லேன்னா ஜோடிப் போட்டிக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க". அதோட வாயை மூடினவதான், ஆறு நாளாச்சு. நாளைக்குப் போட்டிண்ணே! பதினோரு வருஷமா ஒண்ணா சுடறோம். அதான், நீங்க ஒரு சின்ன சீட்டு எழுதிக்குடுங்க. 'பரிசோதிச்சேன், மெழுகுதான் காரணம்', அவ்ளோதான். கார்லதான் உக்காந்திருக்கா. காட்டிட்டுப் போயிடறேன்.

என்ன? அவ துப்பாக்கிக்கும் அதே மெழுகுதானேன்னா? ஆமா, அதே டப்பாதான். அஞ்சு குண்டும் வெடிச்சுது. நடுவுலயே வேற பட்டுது. அது… அதிர்ஷ்டம்ணே! அவ அண்ணன் இருக்கானே, என் மச்சான், அந்த மேதாவி கார் இன்ஜின் ஆயிலைத் தடவுறான். அது கருமருந்தோட சேந்து உள்ள தார் மாதிரி ஆயிடுது. அவன் குழலைச் சுரண்டினா ஒரு தெருவுக்கு ரோடு போடலாம். அவனுக்கே வெடிக்குதுங்கறேன்!

என்னண்ணே, குழலுக்குள்ள தண்ணி ஊத்தறீங்க? ஓ… பாதுகாப்புக்கா. ஊத்துங்க, ஊத்துங்க. கம்பி முனையில அது என்ன, திருகாணியா? குண்டுல திருகி இழுக்கவா? பாத்துப் பாத்து. எப்படி லோடு பண்ணேன்னு எங்கிட்டயே கேக்கறீங்களே, நல்லாருக்கு! முதல்ல மருந்து கொட்டணும், மேல மெழுகுத்துணி வச்சு குண்டு, அப்புறம் கம்பியால அடி வரைக்கும் தள்ளணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வந்துருச்சா? குடுங்க. பாத்தீங்களா, துணி எப்படி… வெள்ளையா இருக்கு. மெழுகு தடவின இடத்துலயே இருக்கு. சரி, குழலைக் கவுத்துங்க, கெட்டுப்போன மருந்து சேறா வரும் பாருங்க. ம்… தண்ணிதான் வருது. இன்னும் கொஞ்சம் தட்டுங்க. ஊத்தின தண்ணி ஊத்தினபடியே வருதே. மருந்து எங்கண்ணே போச்சு?

…

அப்படிப் பாக்காதீங்கண்ணே. அன்னைக்குப் பக்கத்துல பல் டாக்டர் நின்னாரு. உங்க சால்வன்ட்டை அவருக்கு விளக்கிக்கிட்டே லோடு பண்ணேன். பூனை கிளம்பிப்போன கட்டத்துல அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு… அந்தச் சந்தோஷத்துல நேரா துணியை எடுத்துட்டேன் போலிருக்கு. மருந்தே போடல.

அண்ணே, எங்க போறீங்க? அந்தத் துணியைக் கீழ வைங்க. கார் பக்கம் போகாதீங்கண்ணே! நானே அவகிட்ட… பக்குவமா… ஐயோ, கண்ணாடியை இறக்கிட்டா. துணியை வாங்கிட்டா. திருப்பித் திருப்பிப் பாக்கறா.

அண்ணே! சிரிக்கிறாளா? அங்கேருந்தே தலையாட்டுங்க போதும்… இல்லையா? சரி. அவ பேசாத வீடு வீடாவே இல்லண்ணே, தாங்க முடியல. அன்னைக்கு அவ மெழுகைப் பத்தி நான் சொன்னது மைக்குல. நாளைக்கும் கிளப்புல ஒரு அஞ்சு நிமிஷம் மைக்கை என் கையில குடுப்பாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?