இரண்டு மஞ்சள் விளக்குகள்

காரின் முன்விளக்கு மஞ்சளித்துப்போனால் தயவுசெய்து பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். நாலு நாள் பளபளக்கும், ஐந்தாம் நாள் பழைய கதைதான். முறைப்படி என்றால், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வெயிலில் கெட்ட மேல்பூச்சை முழுக்க எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய தாள், அதைவிட மெல்லிய தாள், பாலிஷ், கடைசியில் புதுப்பூச்சு. பதினெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. அவசர வேலை என் கைக்கு ஆகாது.

என் சொந்த வண்டியை மட்டும் நான் கவனித்ததில்லை. "ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கறீங்க, நம்ம வண்டிக்கு மஞ்சக்காமாலை" என்று என் மனைவி கேலி செய்வாள். தம்பியும் நானும் ஒரே நாளில் ஒரே மாதிரி வண்டி வாங்கினோம். என்னுடையது தெருவில் நிற்கும். அவனுடையது ஷெட்டுக்குள், சுவரைப் பார்த்தபடி. ஞாயிறு சாயங்காலம் மட்டும் எடுத்துத் தனியாக ஒரு சுற்றுப் போய் வருவான்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பொழுது சாய்கிற நேரம், லேசான தூறல். பாலத்தைத் தாண்டியதும் அந்த நர்ஸ் அம்மா சாலையைக் கடந்தார். என் விளக்கு வெளிச்சத்தில் அவர் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது, வண்டி இடித்துவிட்டது. நான் நிறுத்தவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். நிறுத்தினேன். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினார். உட்கார முடிகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று கிளம்பினேன். இரண்டு மணி நேரம் உயிர் இருந்தது என்பது பிற்பாடு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வலது விளக்கின் ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது. மஞ்சளை எடுக்கலாம், உடைந்ததை ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக வாங்கினால் கடைக்காரருக்கு ஞாபகம் இருக்கும்.

மறுநாள் தம்பி வேலைக்குப் போன பிறகு என் வண்டியை அவன் வீட்டுக்கு ஓட்டிப்போனேன். அவன் மனைவி வெளியே வந்தாள்.

"என்ன மாமா, இந்த நேரத்துல?"

"தம்பி வண்டி லைட்டைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போறேன்மா."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இருங்க, காபி கொண்டு வரேன்."

காபி நன்றாக இருந்தது. அவன் விளக்குகள் இரண்டையும் கழற்றி என் வண்டியில் மாட்டினேன், என்னுடையவற்றை அவன் வண்டியில். அவன் பம்பரில் சுவரில் முட்டிய கீறல்கள் ஏற்கெனவே இருந்தன, அதனால் புதிதாகக் கீறிவிடும் வேலை மிச்சம். என் வண்டிக்கு வந்த விளக்குகளில் லேசான மங்கல் தெரிந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து, முறைப்படி தேய்த்துப் பூச்சுக் கொடுத்தேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஏன் தம்பி என்று கேட்கிறீர்கள். யோசித்துத்தான் செய்தேன். எனக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். அவனுக்குப் பிள்ளை இல்லை. பொறுமைசாலி வேறு, எதையும் தாங்குவான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சின்ன வயதிலிருந்து அவன் என்றால் எனக்கு உயிர்.

வியாழக்கிழமை அந்தச் சில்லை எடுத்துக்கொண்டு நீங்கள் என்னிடம்தான் வந்தீர்கள், விளக்கு தெரிந்த ஆள் என்று. எந்த மாடல், எத்தனை வருஷ வெயில் பட்டது, எல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

தம்பியை நீங்கள் கூட்டிப்போன அன்று அவன் மனைவி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அன்னிக்கு லைட்டைப் பார்த்தீங்களே, அப்பவே உடைஞ்சிருந்துச்சா?"

"உடைஞ்சுதான்மா இருந்துச்சு. அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நான் கேட்டுக்கலை."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோர்ட்டில் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னாள். தீர்ப்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாதம் தவறாமல் சிறைக்குப் போய் அவனைப் பார்க்கிறேன். போன மாதம் கேட்டான், "அண்ணா, நான்தான் இடிச்சிட்டு மறந்துட்டேனோ? இத்தனை பேர் சொல்றாங்களே."

"இருக்கலாம்டா. அதையே நினைச்சு மனசைக் குழப்பிக்காத."

நான் கொண்டுபோன பழத்தை அன்றுதான் அவன் வாங்கிச் சாப்பிட்டான். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இன்று காலை வந்து, "வாரம் பூரா ஷெட்ல நிக்கிற வண்டிக்கு லைட் எப்படிங்க இவ்வளவு மஞ்சளாகும்?" என்று கேட்டீர்கள். ஆகாது. கேட்ட உடனே சொல்லிவிட்டேன், இல்லையா? இந்தக் கேள்வியை நீங்கள் முதல் வாரமே கேட்டிருக்கலாம். ஒரு நிரபராதியின் மூன்று வருஷம் உங்கள் கவனக்குறைவால் வீணாகிப்போனது. தம்பியிடம் சொல்லி, உங்களை மன்னித்துவிடச் சொல்கிறேன்.