மகாதேவி ரீச்சர் நிறுத்திய வணக்கம்

தலைவர் யோகலிங்கம் அண்ணை அவர்களே, கொலோன் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களே, பெற்றோரே, அனைவருக்கும் தாழ்ந்த குரலில் என் வணக்கம்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை மகாதேவி ரீச்சர் போன செவ்வாய்க்கிழமை காலமானார். நாற்பத்தாறு வயது. கிழமையில் ஐந்து நாள் முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமை இங்கே. பக்கத்து வகுப்பு எடுக்கும் என்னிடம், "களைச்சுப் போனன் தம்பி. வாரும், வகுப்புக்குப் போவம்" என்பார். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார்.

பிறின்சியை உங்களுக்குத் தெரியும். ஒன்பது வயது. ஓட்டிசம் என்னும் மதியிறுக்கம் உள்ள பிள்ளை. இரண்டு மொழி அவளைக் குழப்பும், வீட்டில் தமிழ் வேண்டாம், ஜேர்மன் மொழியான டொச் மட்டும் பேசுங்கள் என்றார் ஒரு மருத்துவர். தாய் அன்ரனிற்றா அக்கா கீழ்ப்படிந்தார். ரீச்சர் அவரிடம் கேட்டார்:

"உங்களுக்கு எத்தினை டொச் சொல்லுத் தெரியும்?"

"ஒரு முப்பது வரும், ரீச்சர்."

"அதில பாதி கடைச் சாமான். மிச்சப் பதினைஞ்சில பிள்ளையை வளக்கப் போறியளோ?"

அக்கா சிரித்தார். பிறகு அழுதார். அதுவரை ஆறு மாதமாகத் தாய் மகளோடு பேசவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பிறின்சி வகுப்புக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனாள். ரீச்சர் என்ன செய்தார்? அந்தக் கூட்டு வணக்கத்தையே நிறுத்தினார்! ஒவ்வொரு மேசைக்கும் போய் மெதுவாகச் சொன்னார். அன்றைய பாட ஒழுங்கைப் படங்களாக வரைந்து கரும்பலகையில் ஒட்டினார். பேசாத பிள்ளை படத்தைத் தொட்டுப் பதில் சொன்னாள்.

நாம் என்ன செய்தோம்? மரியாதை தெரியாத வகுப்பு என்றோம். "ஒரு பிள்ளைக்காக எங்கட பிள்ளையள் பின்னுக்கு நிக்கோணுமோ?" என்றோம். அவளை விலக்கச் சொல்லி நிர்வாகசபைக்குக் கடிதம் எழுதினோம். பதினொரு கையெழுத்து. நாலாவது என்னுடையது.

ரீச்சர் வாசித்துவிட்டு என்னிடம் வந்தார். "நீர் யூனிவேர்சிற்றியில படிக்கிறனீர். அந்தப் பிள்ளையோட பத்து நிமிசம் இருந்தனீரோ?"

இருக்கவில்லை.

அவரைப் புகழ எனக்குத் தகுதி இல்லை. களைப்பாக இருக்கிறது. குற்ற உணர்வும் ஒரு களைப்புத்தான். ஆனால் அந்தக் கடிதம் இன்னும் நிர்வாகசபையின் கோப்பில் இருக்கிறது. தலைவர் அண்ணை, வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறீர்கள். என் பெயரை வெட்டிவிடுங்கள். மற்றப் பத்துப் பேரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாம் வகுப்பை நான் எடுக்கிறேன். எப்படி என்று முழுதாகத் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார்.

அன்ரனிற்றா அக்கா, சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.